வரப்பு எலியின் கடிகாரம்: பிறந்த கதை

தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா கதிர் பிடிக்கும் பருவத்தில் வயலில் கிட்டி வைப்பார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய அந்தப் பொறியைப் பொழுது சாயும்போது வரப்போரம் நட்டுவிட்டு, விடிந்ததும் போய் எடுப்பது வழக்கம். இருட்டினால்தான் எலி வெளியே வரும் என்பது டெல்டாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பகல் முழுக்க இருண்ட வளைக்குள் படுத்துக் கிடக்கும் எலிக்கு அந்தி வந்தது எப்படித் தெரிகிறது?

இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு பங்கு மதுரையில் பிறந்தது. ஜெர்மனியின் டூபிங்கனில், உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடி எர்வின் ப்யூனிங் இருந்த இடத்தில் பணியாற்றிவிட்டு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் எம்.கே.சந்திரசேகரன். முதலில் குகை வௌவால்களை ஆராய்ந்தார். பிறகு பல்கலைக்கழகத்தைச் சுற்றியிருந்த வயல்களில் பிடித்த சின்னஞ்சிறு எலியை எடுத்துக்கொண்டார். மஸ் பூடுகா என்பது அதன் அறிவியல் பெயர். வளர்ந்த எலியே பத்து கிராம் அளவுதான். காவிரிப் படுகையின் வரப்புகளிலும் இதே எலி வளை தோண்டுகிறது.

கூண்டுக்குள் ஒரு சக்கரம். எலி ஏறி ஓடினால் ஓட்டம் நகரும் காகிதத்தில் கோடாக விழும். ஒவ்வொரு நாளின் பட்டையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் எலி என்றைக்கு எப்போது விழித்தது என்று பளிச்செனத் தெரியும். இரவும் பகலும் இல்லாத அறையில் வைத்தபோதும் அந்தக் கோடுகள் கலையவில்லை. கடிகாரம் எலிக்குள்ளேயே ஓடியது.

1985இல் என்.விஸ்வநாதனும் சந்திரசேகரனும் ‘நேச்சர்’ இதழில் எழுதியதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழும். ஒளி மாற்றமே இல்லாத இடத்தில் தாயெலியைப் பன்னிரண்டு மணி நேரம் குட்டிகளோடு விட்டார்கள், பன்னிரண்டு மணி நேரம் பிரித்து வைத்தார்கள். தாய் வருவதையும் போவதையும் வைத்தே குட்டிகளின் கடிகாரம் தன்னைத் திருத்திக்கொண்டது. அவை சூரியனைப் பார்த்ததே இல்லை.

இந்தக் கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. எலியின் கடிகாரத்தில் சுமார் 20,000 நரம்புச் செல்கள், அவ்வளவுதான். கண்ணில் படும் ஒளி இதற்கு நேரம் சொல்லும். இருட்டியதும் இங்கிருந்து கிளம்பும் செய்தி கழுத்து நரம்புகள் வழியாகச் சுற்றிக்கொண்டு, மூளையிலேயே உள்ள பீனியல் சுரப்பிக்குப் போகும். அங்கே நார்அட்ரினலின் சுரக்க, பகலெல்லாம் சேர்ந்திருந்த செரோடோனின் மெலடோனினாக மாறும். 1958இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது.

மெலடோனினைத் தூக்க மருந்து என்று பலரும் நம்புகிறார்கள். ஆனால் இரவில் ஓடியாடும் உயிர்களிடத்திலும் மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. மனிதன் படுக்கப் போகும் நேரத்தில் வயலெலி இரை தேடக் கிளம்பும். இரண்டுக்கும் இரத்தத்தில் ஓடும் சேதி ஒன்றே: இருட்டிவிட்டது. அதைக் கேட்டு உறங்குவதா உலவுவதா என்பது அந்தந்த உயிரின் வழக்கம்.

1990களில் மதுரைக் குழுவினர் வயலெலிகளுக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒளி-இருள் நேரத்தைத் திடீரென்று மாற்றியபோது, உரிய வேளையில் மெலடோனின் பெற்ற எலிகள் புதிய நேரத்துக்குச் சீக்கிரம் பழகிக்கொண்டன. எந்த வேளையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே கடிகாரம் நகரும். ஆய்வகங்களில் வளர்க்கும் வெள்ளைச் சுண்டெலி வகைகள் பலவற்றின் உடலில் மெலடோனின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை என்பதால், வயலில் பிடித்த எலியிடம் இதைக் கேட்டது எனக்கு மிகச் சரியான தேர்வாகப் படுகிறது.

இரவுப் பணிக்குப் போகிறவர்களும், கண்டம் தாண்டிப் பறக்கிறவர்களும் இன்று மெலடோனின் மாத்திரையைத் தேடுகிறார்கள். வாங்குவதற்கு முன், எத்தனை மணிக்குப் போட வேண்டும் என்று மருத்துவரிடம் தவறாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.