இடுப்புத்தளத் தசைப் பயிற்சி: ஒரு சின்ன வரலாறு

போன லீவில் காரைக்குடி சென்றபோது, பிள்ளையார்பட்டி போகலாம் என்று அப்பத்தாவைக் கூப்பிட்டேன். "நீங்கல்லாம் போயிட்டு வாங்கத்தா" என்றார்கள். காரணத்தை அம்மாதான் பிறகு மெதுவாகச் சொன்னார். இருமினாலும் சிரித்தாலும் அப்பத்தாவுக்குச் சிறுநீர் கசிந்துவிடுமாம். ஐந்து பிள்ளை பெற்றவர். இருபது வருடமாக யாரிடமும் வாய் திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தொட்டில் போலத் தாங்குபவை இடுப்புத்தளத் தசைகள். பிரசவத்திலும் வயதிலும் இவை தளர்கின்றன. இவற்றைச் சுருக்குவது நமக்குப் புதிதல்ல. 15ஆம் நூற்றாண்டின் ஹடயோகப் பிரதீபிகையில் மூலபந்தம் இருக்கிறது. ஆனால் அது யோகிகளின் பிராண சாதனைக்காகச் சொன்னது. பிள்ளை பெற்றவளுக்காக அல்ல.

பெண்கள் ஆண் டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வார்கள்? 1875ல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது. அதில் படித்த மேரி ஷார்லீப், 1885ல் கோஷா பெண்களுக்கென்று சென்னையில் மருத்துவமனை தொடங்கினார். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. நம் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் 1886ல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, அதே கல்லூரியில் 1912ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெண்ணிடம் பெண் பேச ஒரு வழி பிறந்தது.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல். 1948ல் கட்டுரை வெளியிட்டார். வாயால் சொன்னால் மட்டும் போதாது என்று கண்டு, தசை சுருங்கும் அளவைப் பெண்ணே முள்ளில் பார்க்கும்படி பெரினியோமீட்டர் என்ற கருவியும் செய்தார். அவர் நினைத்தது சரிதான். 1991ல் 47 பெண்களிடம் நடந்த ஆய்வில், சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்த பிறகு சரியாகச் செய்தவர்கள் சுமார் பாதிப் பேர்தான். கால்வாசிப் பேர் தொந்தரவு கூடும்படி முக்கினார்கள்.

சரியான முறை இதுதான்: சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவது போல உள்ளே மேல்நோக்கி இழுத்து, பிறகு முழுவதும் தளர்த்த வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது. வயிறு, தொடை, பிட்டத்தை இறுக்கக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது செய்து பழகவும் கூடாது. ஒரு வேளைக்கு 8 முறையாவது, தினம் 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்பது பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல். வலி இருந்தாலோ, ஏதோ கீழே இறங்குவது போலிருந்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள்.

இதையெல்லாம் அப்பத்தாவிடம் வளவில் உட்கார்ந்து சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதை அப்பவே ஒருத்தரும் சொல்லலியே" என்றார்கள். டாக்டரிடம் வர இன்னும் சம்மதிக்கவில்லை. பயிற்சியை மட்டும் மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டிலும் வெளியே வர மறுக்கும் ஒரு அப்பத்தா இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.