நாவலில் மாறியவர்களும் மலையில் மாறியவர்களும்

சென்ற கோடை விடுமுறையில் வண்டன்மேட்டில் நம் பிள்ளைகள் சிலருக்குப் புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை உரக்கப் படித்துக்காட்ட நேர்ந்தது. மலையாள வழியில் பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், முடிந்ததும் கேட்டாள்: "சார், நம்ம ஆளுங்க அப்படியா இருந்தாங்க?" சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய நாவல்களைத் திரும்பப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை. ஒரு மனிதர் தம்மை இன்னார் என்று எண்ணியிருக்கிறார். கதை முடிவதற்குள் அந்த எண்ணம் உடைகிறது, அல்லது வேறாகிறது. இதை நம் முன்னோடி எழுத்தாளர்கள் எப்படிக் காட்டினார்கள்? அதில் மலைக்கு வந்த நமக்கு எந்த இடம் கிடைத்தது?

முதல் நாவலிலேயே ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்தது. அதன் நாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் பூண்டு விக்கிரமபுரிக்கு வருகிறாள். அரசன் இல்லாத அந்த ஊரில் யானை அவள் கழுத்தில் மாலையிட, அவளே அரசனாகிறாள். நன்றாகவும் ஆளுகிறாள். பிறகு அரசை ஒப்படைத்துவிட்டுப் பழைய சேலைக்கே திரும்புகிறாள். உடை மாறினால் ஊர் பார்க்கும் பார்வை மாறுகிறது. உள்ளே இருக்கும் ஆள் மாறவில்லை. பெண்கல்விக்காக எழுதிய முன்சீப் ஒருவர் சொல்ல விரும்பியதும் அதுதானே: திறமை அவளிடம் ஏற்கெனவே இருந்தது, உலகம்தான் பார்க்கவில்லை. (மலையாளத்தில் 1889இல் 'இந்துலேகா' எழுதிய சந்துமேனோனும் ஒரு முன்சீப்தான். நம் பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நல்லது. நீதிமன்றத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை கேட்டவர்களுக்கு நாவல் கைவந்திருக்கிறது.)

அடுத்தது நம் பாதையில் இருக்கிற ஊர்க்காரர். திண்டுக்கல்லிலிருந்து தேனி, கம்பம் வழியாகக் குமுளிக்கு வருகிறவர்கள் வத்தலக்குண்டைத் தாண்டித்தான் வருகிறோம். அங்கே 1872இல் பிறந்தவர் பி. ஆர். ராஜம் ஐயர். இருபது வயதைக் கடந்ததும் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடராக எழுதத் தொடங்கினார். 1896இல் அது நூலாயிற்று. 1898இல் அவரே போய்விட்டார். இதில் முத்துஸ்வாமி ஐயர் தம்மை யாராக நினைத்தாரோ அது எல்லாமே பறிபோகிறது. பிள்ளை காணாமல் போகிறான், பணம் போகிறது, மனைவி மேல் அபவாதம் வருகிறது, அதை அவரும் நம்பிவிடுகிறார். ஊரில் பெரிய மனிதர் என்ற உருவம் கழன்று விழுந்தபின்தான் துறவியின் காலடியில் வேறொரு ஆளாக எழுந்து நிற்கிறார். ஞானாம்பாளின் மாற்றம் வேடத்தால் வந்தது. இவருடையது இழப்பால் வந்தது. என் கணிப்பில் தமிழ் நாவல் மனத்துக்குள் இறங்கிய முதல் இடம் இதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழப்பதற்கு வீடும் நிலமும் பெயரும் இருந்தவருக்கே இந்த ஞானம் வாய்க்கிறது.

ஒன்றும் இல்லாதவன் மாறினால்? அதற்கு 1862இல் விக்டர் ஹ்யூகோ எழுதிய கதை எல்லோருக்கும் தெரிந்தது. தமிழில் 1950இல் 'ஏழை படும் பாடு' என்று படமாக வந்தது, நாகையா நடித்தார். ரொட்டி திருடிச் சிறை சென்றவன் வேறு பெயரில் ஊர் மேயர் ஆகிறான். தன் குற்றத்துக்காக இன்னொருவன் தண்டிக்கப்படப் போகிறான் என்று தெரிந்ததும், நீதிமன்றத்தில் எழுந்து தன் பழைய பெயரைத் தானே சொல்கிறான். அந்தப் படத்தில் அவனைத் துரத்தும் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு ஆயுள் முழுக்க 'ஜாவர்' சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வேஷம் போட்டவரை வேஷம் விடவில்லை!

இப்போது 'துன்பக்கேணி'க்கு வருவோம். 1935இல் 'மணிக்கொடி'யில் வந்தது. அப்போது அதன் ஆசிரியர் பி. எஸ். ராமையா; அவரும் வத்தலக்குண்டுக்காரர்தான். திருநெல்வேலிச் சேரியில் பிறந்த மருதி, கணவன் சிறையில் இருக்க, வயிற்றில் பிள்ளையுடன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். அங்கே அவள் உடம்பும் மனமும் சிதைகின்றன. ஊருக்குத் திரும்பினாலும் பழைய வாழ்வு அவளுக்காகக் காத்திருக்கவில்லை. மறுபடி மலைக்கே போகிறாள். ஞானாம்பாளுக்குத் திரும்பிப் போக ஒரு சேலை இருந்தது, முத்துஸ்வாமி ஐயருக்கு ஒரு குரு இருந்தார். மருதிக்கு இரண்டும் இல்லை. அவளை மாற்றியது அவள் மனம் அல்ல, தோட்டத்தின் கணக்குப் புத்தகம்.

இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. இலங்கைத் தோட்டங்களில் கங்காணியின் கடனைக் குறித்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். கூலியைத் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றும்போது அந்தக் கடனும் கூடவே போகும். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. ஒரு நாள் வேலைக்குச் 'செக்ரோலில்' பதிவது ஒரு 'பேர்'. எடுத்த கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. அம்மா அப்பா ஆசையாக வைத்த பெயரைச் சாயங்காலம் பாதியாக்கி எழுதுகிற உலகம் அது. அந்த உலகத்துக்குள் நின்று 'நான் யார்' என்று கேட்பதற்கு ஞானாம்பாளின் தைரியம் மட்டும் போதாது.

நம் மலைக்கும் இதே கணக்குத்தான் எழுதப்பட்டது. 1955இல் மாநிலச் சீரமைப்புக் குழு அறிக்கை வந்தபோது, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தமிழ் பேசுவோர் மிகுதியாக இருந்தது கணக்கெடுப்பிலேயே தெரிந்தது. ஆனால் அவர்களில் பெரும்பகுதி வந்துபோகிற தோட்டத் தொழிலாளர்கள் என்பது எதிர்வாதத்தின் முக்கியமான கண்ணி. 1956 நவம்பர் 1 முதல் இப்பகுதி கேரளத்தில் அமைந்தது. எல்லை எங்கே போட்டிருக்கலாம் என்ற வழக்கை நான் இங்கே நடத்த வரவில்லை. 'வந்துபோகிறவர்கள்' என்ற அந்தச் சொல்தான் என் கவலை. இங்கே பிறந்து, இங்கேயே கல்யாணம் முடித்து, இங்கேயே அடக்கமானவர்களும் அந்தச் சொல்லுக்குள் போனார்கள். கடைத்தெருவில் 'பாண்டி' என்று கூப்பிடும்போது நம் பிள்ளைகள் தலை குனிகிறார்களே, அதற்குப் பின்னால் இத்தனை காகிதம் இருக்கிறது.

பி. எச். டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர், தொழிற்சங்கம் கட்டியவர். அவர் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேள் 2007இல் 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கினார். கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து ஆனைமலைக்கு ஏறுகிறார்கள். முன்பணம் வாங்கிய நாளிலேயே அவர்கள் வேறு ஆட்களாகிவிட்டது அவர்களுக்கே தெரியவில்லை. 2013இல் பாலாவின் 'பரதேசி' வந்த பிறகு இந்த நூலைத் தேடிப் படித்தவர்கள் அதிகம். துன்பக்கேணியைவிட இது நமக்குக் கிட்டத்தில் நிற்கிறது. எழுதியவர் அந்தத் தொழிலாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் என்பதும் ஒரு காரணம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2014இல் 'துன்பக்கேணி', 'பொன்னகரம்' இரண்டையும் சென்னைப் பல்கலைக்கழகம் பாடத்திலிருந்து எடுத்தது. ஒடுக்கப்பட்ட மக்களைக் கதை காட்டும் விதம் பற்றிய எதிர்ப்பே காரணம். கதையை நீக்கியது சரியல்ல என்பது என் கருத்து. ஆனால் அந்த எதிர்ப்பை அலட்சியம் செய்யவும் முடியவில்லை. வண்டன்மேட்டில் அந்தப் பெண் கேட்டதும் அதே கேள்விதான். கண்ணாடியை யாரோ பிடித்திருக்கிறார், அதில் தெரிகிற முகம் நம்முடையது. பிடித்தவர் இரக்கத்தோடு பிடித்தார் என்பதற்காக முகம் சரியாகத் தெரிகிறது என்று ஆகிவிடுமா?

அன்று நான் தடுமாறியபோது, திண்ணையில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த அவளுடைய அப்பத்தா குறுக்கிட்டார். முப்பது வருஷம் ஏலத்தோட்டத்தில் காயெடுத்தவர். கதையை முழுக்கக் கேட்டிருக்கிறார் போலும். "அந்தப் பிள்ள மருதி பட்டதெல்லாம் நெசந்தான். ஆனா அது தேயிலக்காடுப்பா. தேயிலைய நின்னுக்கிட்டு கிள்ளுவாங்க. ஏலக்கா தூர்லதான காய்க்கும், நாங்க மழையில, அட்டைக்கடியில, குத்தவச்சு உக்காந்து எடுத்தோம். வார வட்டிக்கு வாங்குனோம், அதையும் அடைச்சோம், இவ அப்பன படிக்கவும் வச்சோம். அத எங்க எழுதியிருக்கு?" என்றார். அந்தப் பெண் பள்ளி நோட்டை எடுத்து, பின்பக்கத்திலிருந்து திருப்பி, அப்பத்தாவிடம், "மொதல்ல எந்த வருஷம் மேல வந்தீங்க, அதச் சொல்லுங்க" என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள். பாதி தமிழ் எழுத்தில், பாதி மலையாள எழுத்தில்.