உள்ளே போனவன் வெளியே வரவேணும்: ‘முடிவில்லாத கதை’யின் கதை

கலைப்பீடத்தில் படிக்கிறோம் என்றாலே வீட்டுக்கு வாற சொந்தக்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “இதைப் படிச்சு என்ன செய்யப் போறீங்கள்?” அதற்கே எங்களிடம் இன்னும் ஒழுங்கான பதில் இல்லை. இந்த நிலைமையில் நாங்கள் ஐந்தாறு பேர் கூடியிருந்து, டிராகன் பறக்கிற ஒரு சிறுவர் நாவலை வாசித்தால் பகிடி பண்ணாமல் விடுவார்களா? “நாடு கிடக்கிற கிடையில உங்களுக்குக் கதைப்புத்தகமோ?” என்று விடுதியில் ஒரு அண்ணா கேட்டார்.

அவருக்குத் தெரியாது, இதே கேள்வியைத்தான் அந்த நாவலை எழுதியவரிடம் அவருடைய நாடும் கேட்டது. அவர் பெயர் மிஹாயேல் எண்டே. புத்தகம் 1979இல் ஜேர்மன் மொழியில் வந்த ‘முடிவில்லாத கதை’. நாங்கள் வாசித்தது 1983இல் வெளிவந்த ரால்ஃப் மன்ஹைமின் ஆங்கில மொழிபெயர்ப்பு.

எண்டே 1929 நவம்பரில் பவேரியாவில் பிறந்தவர். தகப்பன் எட்கார் எண்டே ஒரு ஓவியர். கண்ணால் காணாத, கனவில் வருகிற மாதிரியான உருவங்களை வரைந்தவர். ஹிட்லரின் ஆட்சிக்கு இந்த வகை ஓவியம் பிடிக்காது. ‘சீரழிந்த கலை’ என்று பெயர் வைத்து, 1936இல் அவருடைய தொழிலுக்குத் தடை போட்டார்கள். அதன் பிறகு அவர் ஒளித்துத்தான் வரைந்தார். ஒரு அரசாங்கம் ஒரு மனிதனின் கற்பனைக்குப் பயந்ததைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை எண்டே.

1943 கோடையில் ஹம்பேர்க் நகரத்தின் மீது நடந்த பெரிய குண்டுவீச்சின்போது, 13 வயது எண்டே அங்கே உறவினர் வீட்டில் நின்றார். அடுத்த வருடம் மியூனிக்கில் தகப்பனின் ஓவியக்கூடம் குண்டுவீச்சில் எரிந்தது. 250க்கு மேற்பட்ட ஓவியங்களும் வரைபுகளும் சாம்பலாகின. 1945இல், போர் முடியிற நேரத்தில், 15 வயதுப் பெடியன்களுக்கும் படையில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. கூடப் படித்தவர்கள் சிலர் போன முதல் நாளே செத்தார்கள். எண்டே தனக்கு வந்த கடிதத்தைக் கிழித்துப்போட்டு ஓடினார். பிறகு, நாசிகளுக்கு எதிரான ஒரு குழுவுக்குச் செய்தி காவித் திரிந்தார்.

இந்த வரலாறு தெரியாமல் எண்டேயின் கதைகளை வாசித்தால் பாதிதான் விளங்கும். அவருடைய முதல் பெரிய புத்தகமான ‘ஜிம் க்னோப்ஃ’ பத்துக்கு மேற்பட்ட பதிப்பகங்களால் திருப்பி அனுப்பப்பட்டு, 1960இல் தீனமன் பதிப்பகத்தால் வெளியிடப்பட்டது. அடுத்த வருடம் ஜேர்மன் இளையோர் நூல் பரிசும் அதற்குக் கிடைத்தது. கதாநாயகன் ஒரு கறுப்பினச் சிறுவன். அவன் போகிற டிராகன் நகரத்தின் வாசலில், கலப்பில்லாத டிராகன்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வந்தால் மரணதண்டனை என்று அறிவித்தல் தொங்குகிறது. அந்த நகரத்துக்குள் விடப்படாத ஒரு பாவம் பிடித்த அரை டிராகனும் கதையில் இருக்கிறது. அதன் தாய் ஒரு நீர்யானை! சிரிப்பான இடம்தான். ஆனால் தூய இரத்தம் என்று பள்ளிக்கூடத்திலேயே படிப்பித்த நாட்டில் வளர்ந்த ஒருவர் அதை எழுதினார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும்.

ஆனாலும் அறுபதுகளின் ஜேர்மன் இலக்கிய உலகம் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. போருக்குப் பிறகு எழுத்தாளன் சமூகத்தைத்தான் எழுதவேணும், விமர்சனம்தான் செய்யவேணும் என்ற எண்ணம் அங்கே பலமாக இருந்தது. அதற்கு நியாயமும் உண்டு. பொய்க்கனவுகளைக் காட்டித்தானே நாசிகள் ஒரு நாட்டையே கொண்டுபோய்க் கிடங்கில் தள்ளினார்கள்? அப்படிச் சூடுபட்ட ஆட்களுக்கு டிராகனைக் கண்டாலும் பயம் வரும். எண்டேக்கு விழுந்த குற்றச்சாட்டு ‘தப்பியோடுபவர்’ என்பது. அவர் சலித்துப்போய், எழுபதுகளின் தொடக்கத்தில் இத்தாலியில் ரோமுக்குப் பக்கத்தில் குடியேறினார். ‘மோமோ’வும் ‘முடிவில்லாத கதை’யும் அங்கே இருக்கும்போதுதான் வெளிவந்தன.

‘முடிவில்லாத கதை’ எழுதப்பட்ட விதமே ஒரு கதை. 1977இல் பதிப்பாளர் வீட்டுக்கு வந்து புதுப் புத்தகம் கேட்டபோது, எண்டே குறிப்புகள் போட்டு வைத்திருந்த சப்பாத்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். ஒரு பெடியன் வாசித்துக்கொண்டிருக்கும்போதே புத்தகத்துக்குள் போய்விடுகிறான், வெளியே வரக் கஷ்டப்படுகிறான் என்பதுதான் விஷயம். நூறு பக்கம், நத்தாருக்குள் முடித்துத் தாறன் என்றாராம். இரண்டு வருடம் பிடித்தது. பெடியனை உள்ளே அனுப்பிவிட்டார். வெளியே எடுக்க வழி தெரியவில்லை. கடைசியில் வந்த புத்தகத்தில் 26 அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் அகரவரிசைப்படி ஒவ்வொரு எழுத்தில் தொடங்கும். மனித உலகத்துக்கு ஒரு நிற மை, கற்பனை உலகத்துக்கு இன்னொரு நிற மை.

கதையில் வாற பஸ்டியான் தாயை இழந்தவன். தகப்பன் துக்கத்தில் உறைந்துபோயிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் நக்கலடிக்கிறார்கள். பழைய புத்தகக் கடையொன்றில் ஒரு புத்தகத்தைக் களவெடுத்துக்கொண்டு பள்ளிக்கூட மேல்மாடியில் ஒளிந்திருந்து வாசிக்கிறான். அந்தப் புத்தகத்திலுள்ள ஃபன்டாஸ்டிகா என்ற நாட்டை ‘வெறுமை’ தின்றுகொண்டு வருகிறது. மனிதர் கற்பனை செய்வதை விட்டதால் வந்த வினை.

எங்களை நிறுத்தி வைத்த இடம் க்மோர்க் என்ற ஓநாய் பேசுகிற அத்தியாயம். வெறுமைக்குள் விழுந்த கற்பனை உயிர்கள் அழிந்துபோவதில்லையாம். மனித உலகத்துக்குள் பொய்களாகப் போய்ச் சேருகின்றனவாம். அந்தப் பொய்களைப் பிடித்துக்கொண்டுதான் அதிகாரத்தில் உள்ளவர்கள் ஆட்களை ஆட்டுவிக்கிறார்கள். ‘தப்பியோடுபவர்’ என்றவர்களுக்கு எண்டே கொடுத்த பதில் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கற்பனையை மூடிவைத்தால் உண்மை மிஞ்சும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த இடத்தில் பிரச்சாரம்தான் வந்து குந்தும் என்றார் இவர். தகப்பனின் ஓவியங்களுக்குத் தடை போட்ட அதே ஆட்சிதான் வானொலியிலும் சுவரொட்டியிலும் பொய்களை நிரப்பியது என்பதை அவர் சின்ன வயதிலேயே கண்டவர்.

ஆனால் எண்டே கற்பனைக்குக் கும்பிடு போட்டுவிட்டு நிற்கவில்லை. பாதிக்குப் பிறகு பஸ்டியான் ஃபன்டாஸ்டிகாவுக்குள் போகிறான். விரும்பினதெல்லாம் நடக்கிறது. ஒவ்வொரு விருப்பத்துக்கும் விலையாகத் தன் பழைய வாழ்க்கையின் ஒரு நினைவை இழக்கிறான். சையிடே என்ற சூனியக்காரி அவனுடைய பெருமைக்குத் தீனி போடுகிறாள். உள்ளே ஆளில்லாத வெறும் கவசங்கள் அவளுடைய சொல்லுக்கு நடக்கின்றன. கடைசியில் அவன் தன்னையே பேரரசனாக முடிசூட்டப் பார்க்கிறான். தடுக்க வந்த நண்பன் அட்ரேயுவை வாளால் வெட்டுகிறான். பிறகு ஒரு நகரத்தைக் காண்கிறான். அவனுக்கு முதல் முடிசூட்ட ஆசைப்பட்டு, எல்லா நினைவையும் இழந்த மனிதர்கள் அங்கே எழுத்துக்கட்டைகளை உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். கவசங்கள் அணிவகுக்கிற இடத்தை வாசிக்கும்போது, 1930களின் மியூனிக் எங்களுக்குக் கண்ணில் நின்றது.

1984இல் வொல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கிய படத்தில் இந்த இரண்டாம் பாதி இல்லை. பஸ்டியான் பறக்கும் டிராகனில் ஏறி, தன்னைச் சீண்டிய பெடியன்களைத் தெருவில் துரத்துவதோடு படம் முடியப்போகிறது. எண்டே கொதித்துப்போய் வழக்குப் போட்டார், தோற்றார். அவர் கேட்டபடி தொடக்கத்தில் வருகிற பெயர்களில் அவருடைய பெயர் மட்டும் எடுக்கப்பட்டது. நாங்கள் முதலில் படத்தைத்தான் பார்த்தோம், அந்த முடிவுக்குக் கைதட்டியும் இருக்கிறோம். புத்தகத்தை முடித்த பிறகுதான் அவருடைய கோபம் விளங்கியது. புத்தகத்தில் பஸ்டியான் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிறான். நடந்ததைத் தகப்பனுக்குச் சொல்கிறான், உறைந்திருந்த தகப்பன் அழுகிறார். மறுநாள் தனியாகக் கடைக்குப் போய், புத்தகத்தைக் களவெடுத்தது நான்தான் என்று ஒத்துக்கொள்கிறான்.

எண்டே 1995 ஓகஸ்டில் காலமானார். அவருடைய புத்தகம் 40க்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போயிருக்கிறது.

விடுதி அண்ணாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்வதென்றால் இப்படித்தான் சொல்வோம்: அண்ணா, நாடு இப்படிக் கிடக்கிறதால்தான் வாசிக்கிறோம். யாரோ செய்துவைத்த பொய்க்குள் இருந்துகொண்டு அதை உண்மை என்று நம்புவதைவிட, கதை என்று தெரிந்தே ஒரு கதைக்குள் போய்வருவது பாதுகாப்பானது. போகிறவன் திரும்பி வரவேணும், அவ்வளவுதான். புத்தகம் மேசையில் கிடக்கிறது, வேணுமென்றால் எடுத்துக்கொண்டு போங்கோ. களவெடுக்கத் தேவையில்லை.