மலை எது, ஆறு எது?

நியூசிலாந்தில் ஒரு தொடக்கப்பள்ளிக் குழந்தை மாவோரி முறைப்படி தன்னை அறிமுகம் செய்துகொண்டால், பெயர் கடைசியில்தான் வரும். முதலில் மலை. அடுத்து ஆறு. அப்புறம் முன்னோர் ஏறி வந்த தோணி, இனக்குழு, ஊர்ப்பொது முற்றம். எல்லாம் முடிந்த பிறகு, 'என் பெயர் இன்னது.' இதற்கு பெபெஹா என்று பெயர். இன்று அங்கே மாவோரி அல்லாத பிள்ளைகளும் வகுப்பில் இதைக் கற்கிறார்கள். பல ஆசிரியர்கள் அதே வரிசையில் கவிதையும் எழுத வைக்கிறார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல கவிதைப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. உவமை தேட வேண்டாம், எதுகை மோனை வேண்டாம். நீ எந்த மண்ணின் ஆள் என்று சொன்னால் போதும்.

நமக்கும் இது அந்நியமானது இல்லை. ஆவூர் மூலங்கிழார், கோவூர் கிழார் என்று சங்கப் புலவர்களில் பலர் ஊர்ப்பெயரோடுதான் நமக்குக் கிடைத்திருக்கிறார்கள். உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம். ஊரை முன்னால் வைத்துத் தன்னைப் பின்னால் வைக்கும் பழக்கம் ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் இனிஷியலிலேயே இருந்தது.

(மாவோரி என்றதும் நம்மாட்கள் நேராக 'தமிழ் மணி'க்குப் போய்விடுவார்கள். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாக வைத்திருந்த வெண்கல மணி ஒன்றைப் பார்த்தார். அதில் முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்று தமிழில் பொறித்திருந்தது. இப்போது அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதை வைத்து 'நாங்கதான் முதல்ல போனோம்' என்று மார்தட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்த மணி எப்படி அங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. மாவோரிகளிடம் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் வேறு.)

அந்த மலையும் ஆறும் வகுப்பறைக்குள் சுலபமாக நுழையவில்லை. 1867இல் வந்த பூர்வகுடிப் பள்ளிகள் சட்டம் ஆங்கிலத்தையே பாடமொழியாக வைத்தது. பள்ளிக்கு நிலம் கொடுத்தவர்கள் மாவோரிகள். உள்ளே அவர்கள் மொழிக்கு இடமில்லை. தாய்மொழி பேசியதற்காகப் பிள்ளைகள் அடிவாங்கினார்கள். பிற்பாடு அவர்களே பெற்றோரானபோது, தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. தடையைவிடப் பெரிய சேதம் இதுதான். 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் 90 சதவீதம் பேர் தங்கள் மொழியைப் பேசினார்கள். 1953இல் அது 26. 1975இல் வெறும் 5.

இந்தச் சரிவின் நடுவே இரண்டு ஆசிரியர்கள். இருவருமே வெள்ளையர்கள். சில்வியா ஆஷ்டன்-வார்னர் ஃபெர்ன்ஹில் என்ற ஊரில் மாவோரிச் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். இங்கிலாந்துப் பாடநூலில் வரும் சுத்தபத்தமான வீடு இந்தப் பிள்ளைகளுக்கு ஒட்டவில்லை. அதனால் ஒவ்வொரு குழந்தையிடமும், 'இன்னைக்கு உனக்கு என்ன வார்த்தை வேணும்?' என்று கேட்டு, அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார். பேய், முத்தம், கத்தி என்று வந்தன வார்த்தைகள். பயமும் ஆசையும் கலந்த சொல்லைக் குழந்தை ஒருமுறை பார்த்தாலே மறக்காது என்று கண்டுகொண்டார். 1963இல் 'டீச்சர்' என்ற புத்தகமாக அது வெளியானது.

இன்னொருவர் எல்வின் ரிச்சர்ட்சன். 1949இல் வடகோடியில் ஒருயீட்டி என்ற குக்கிராமப் பள்ளிக்கு வந்தார். மாவோரிப் பிள்ளைகளும் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த பள்ளி. பள்ளிக்குப் பக்கத்தில் நல்ல களிமண் இருந்தது. பிள்ளைகளே தோண்டினார்கள், பிசைந்தார்கள், சூளை போட்டுச் சுட்டார்கள். அந்த வேலையின் ஊடாகவே கவிதைகளும் வந்தன. எது நல்ல வரி, எது ஒப்புக்கு எழுதியது என்று வகுப்பே உட்கார்ந்து பேசியது. 1964இல் வந்த அவருடைய நூலில் அந்தக் கவிதைகளும் படங்களும் இருக்கின்றன.

இருவர் மீதும் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிள்ளையின் பயத்துக்கும் காலடி மண்ணுக்கும் வகுப்பில் இடம் கிடைத்தது. கவிதை என்னவோ ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. மொழி திரும்பி வர வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1972 செப்டம்பர் 14 அன்று, பள்ளியில் எங்கள் மொழியைச் சொல்லிக்கொடுங்கள் என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. 1982இல் முதல் 'மொழிக்கூடு' தொடங்கியது: பாட்டிகள் மாவோரியிலேயே பேசிப் பிள்ளைகளை வளர்க்கும் பாலர் பள்ளி. 1987இல் அது ஆட்சிமொழியானது. 2017இல் வாங்கனுயி ஆற்றுக்கே சட்டப்படி ஓர் ஆளுக்குரிய உரிமைகள் கிடைத்தன. பெபெஹாவில் ஆற்றின் பெயரைச் சொல்லும் பிள்ளைக்கு, அது வெறும் அலங்காரம் இல்லை.

இனி மந்தாரக்குப்பம். கடலூர் மாவட்டம், நெய்வேலி நகரியத்தை ஒட்டிய கடைத்தெரு ஊர். இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளையிடம், 'உன் மலை எது, ஆறு எது?' என்று கேட்டால் என்ன எழுதும்?

மலை இருக்கிறது. ஆனால் அது இயற்கை வைத்த மலை இல்லை. பழுப்பு நிலக்கரி இங்கே ஆழத்தில் கிடக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது தட்டுப்பட்டதாகச் சொல்லும் அந்தக் கறுப்புப் பொருளை எடுக்க, மேலே உள்ள மண்ணை முழுசாக வாரிக் கொட்ட வேண்டும். 1956இல் நிறுவனம் அமைந்தது. 1957இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அன்றிலிருந்து கொட்டிய மண்தான் சமவெளியில் மலையாக நிற்கிறது. மரம்கூட நட்டிருக்கிறார்கள். அந்த மண்ணில் யாரோ உழுத கழனியும் குலசாமிக்குப் பொங்கல் வைத்த திடலும் கலந்திருக்கும்.

ஆறும் இருக்கிறது. நிலக்கரிக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தோடு நிற்பதால், இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் தாங்கும். இறைத்த தண்ணீர் பரவனாற்றில் போகிறது, வாலாஜா ஏரியை நிரப்புகிறது. 2023 ஜூலையில் அந்தப் பரவனாற்றுக்கே மாற்றுப்பாதை வெட்ட, வளையமாதேவியில் கதிர் வைக்கும் பருவத்து நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை எல்லாரும் போனில் பார்த்தோம். ஓர் ஆற்றை ஆள் என்று சட்டம் சொன்ன நாடு ஒன்று. ஆற்றை இடம் மாற்றிவைக்கும் ஊர் ஒன்று.

முன்னோரின் ஊர் என்ற வரிதான் கஷ்டம். சுரங்கத்துக்காகக் காலி செய்த ஊர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. பாட்டிமார் வாயில் இருக்கிறது. நகரியத்திலோ வட்டத்துக்கு எண்தான். 'நான் பதினாறாம் வட்டம்' என்று பிள்ளை சொல்லும். அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த எண்ணுக்குள்ளும் ஒரு பிள்ளைப்பருவம் இருக்கிறது. சம்பளம், மின்சாரம், நல்ல பள்ளி எல்லாம் அதே குழியிலிருந்துதான் வந்தன. மலையைக் கொட்டியது என் தாத்தா ஓட்டிய இயந்திரம் என்று ஒரு பிள்ளை பெருமையாக எழுதலாம். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை, அந்த மலைக்குள்ளேதான் எங்க ஊர் இருக்கு என்று எழுதலாம். இரண்டும் ஒரே வகுப்பில் வாசிக்கப்பட வேண்டிய கவிதைகள்.

களிமண்ணுக்கும் பஞ்சமில்லை. நெய்வேலிச் சுரங்கத்திலேயே வெள்ளைக் களிமண் வருகிறது. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலே நடக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கு நாலு, அஞ்சாம் வகுப்புக்கென்றே 'ஊஞ்சல்' இதழ் 2022லிருந்து வருகிறது, பிள்ளைகள் எழுதலாம். பாட்டியிடம் பழைய ஊரின் பெயரைக் கேட்டுவரச் சொல்லி ஒரு டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தால் போதும். பாட்டி பெயரோடு நிறுத்த மாட்டாள். எந்தக் கரையில் புளியமரம் நின்றது என்பது வரை சொல்லிவிட்டுத்தான் ஓய்வாள்.