கொடுப்போர் குழாம்

ஒரு சொல்லின் வரலாறு சில வேளைகளில் ஒரு சமுதாயத்தின் வரலாற்றையே நமக்கு எடுத்துரைத்து விடுகிறது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கில்டு' என்னும் சொல் அத்தகையது. கைவினைஞர் குழாம் என்று நாம் அதைத் தமிழில் வழங்கலாம். அதன் பழைய வேரைத் தேடிச் சென்றால் 'தொழில்' என்ற பொருளை நாம் காண்பதில்லை. செலுத்துதல், காணிக்கை என்ற பொருளையே காண்கிறோம். பொதுப் பெட்டியில் தன் பங்கை இட்டவன் எவனோ, அவனே குழாத்தின் உறுப்பினன். கொடுத்தலில் தொடங்கிய உறவு அது.

இந்தப் பழஞ்சொல்லை 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மோட்டார் நகரமாகிய டெட்ராய்ட்டில் ஒரு பெருநிறுவனம் எடுத்தாண்டது. சிறுவர்கள் தம் கையால் மாதிரி வண்டிகளைச் செய்வதற்கென்று தான் ஏற்படுத்திய போட்டிக்கு அது குழாம் என்று பெயரிட்டது. 1968-இல் அப்போட்டி மறைந்தது. ஆனால் அதன்பின், பரிசும் பணமும் இல்லாத எளிய கூட்டங்களில், அச்சொல்லின் பழைய பொருள் மீண்டும் உயிர்பெற்றதை வரலாற்றில் காண்கிறோம். விளையாட்டுப் பொருள் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடிய சிறு கார்களின் கதைதான் இது. எனினும் மனிதர் ஒருவரையொருவர் எப்போது தாங்குகின்றனர் என்னும் கேள்வி இதனுள் பொதிந்து கிடக்கிறது.

பழைய குழாங்கள்

இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் தச்சர், கொல்லர், நெசவாளர், ரொட்டி சுடுவோர் என ஒவ்வொரு தொழிலாரும் தமக்கெனக் குழாம் அமைத்து வாழ்ந்தனர். பாரீசு நகரில் 1268-ஆம் ஆண்டளவில் எத்தியேன் புவாலோ என்னும் நகர அதிகாரி ஏறக்குறைய நூறு தொழில்களின் ஒழுங்குமுறைகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினார். பயிற்சி மாணவன் எத்தனை ஆண்டு கற்க வேண்டும், எத்தகைய பொருளைக் கொண்டு வேலை செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் அவ்விதிகள் வரையறுத்தன.

ஆயினும் குழாத்தின் உயிர் விதிகளில் மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒரு புனிதரைப் பாதுகாவலராகக் கொண்டிருந்தது. தச்சர்க்குப் புனித சூசையப்பர். பொற்கொல்லர்க்கும் கொல்லர்க்கும் புனித எலிஜியுஸ். பாதுகாவலரின் திருநாளில் அனைவரும் ஒருங்கே திருப்பலி கண்டு, ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். நோயுற்ற உறுப்பினனுக்குப் பொதுப் பெட்டியிலிருந்து உதவி சென்றது. இறந்தவனை உடன்தொழிலாளர் சுமந்து சென்று அடக்கம் செய்தனர். அவன் ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். அவனுடைய கைம்பெண்ணையும் பிள்ளைகளையும் கைவிடாது காத்தனர்.

இக்குழாங்கள் குறையற்றவை என்று நாம் கூறவில்லை. வெளியாருக்குக் கதவடைத்தவை உண்டு. விலையைத் தம் கைக்குள் வைத்திருந்தவை உண்டு. பிரான்சு நாட்டில் 1791-இல் சட்டத்தால் அவை ஒழிக்கப்பட்டன. அதற்குச் சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் 'ரேரும் நொவாரும்' சுற்றுமடலில் ஒன்றை வருத்தத்துடன் சுட்டிக் காட்டினார். பழைய குழாங்கள் அழிந்தன. அவற்றின் இடத்தில் தொழிலாளரைக் காக்கும் வேறெதுவும் எழவில்லை என்பதே அவர் கண்ட குறை.

பிஷர் சகோதரர்களின் போட்டி

ஒகையோ மாநிலத்து நார்வாக் என்னும் சிற்றூரில் குதிரை வண்டி செய்து வாழ்ந்த கொல்லர் ஒருவருக்கு ஆண்மக்கள் எழுவர். கத்தோலிக்கக் குடும்பம். மூத்தவர்களான பிரெட், சார்லஸ் இருவரும் தம் சிற்றப்பனார் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து 1908-இல் டெட்ராய்ட்டில் 'பிஷர் பாடி' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். கார்களுக்கு மேற்கூடு கட்டித் தருவது அதன் தொழில். 1919-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. 1926-இல் முழுவதையும் தனதாக்கிக் கொண்டது. நெப்போலியன் ஏறிச் சென்ற அரச வண்டிகளைப் பார்த்து வரைந்த ஓர் அழகிய வண்டியே பிஷர் நிறுவனத்தின் சின்னமாக விளங்கியது.

1930-இல் தொடங்கிய 'பிஷர் பாடி கைவினைஞர் குழாம்' இந்தச் சின்னத்தையே சிறுவர் முன் சவாலாக வைத்தது. அந்த அரச வண்டியைச் சிறு உருவில் அப்படியே செய்து காட்ட வேண்டும். கதவு திறக்க வேண்டும். ஏறும் படி மடங்க வேண்டும். உள்ளே மெத்தை தைத்திருக்க வேண்டும். சக்கரத்தின் ஆரங்களும் கூரையின் அணிவேலைகளும் பிழையின்றி அமைய வேண்டும். கடையில் வாங்கிய பாகம் எதையும் சேர்க்கலாகாது. மரம், உலோகம், துணி, வண்ணம் அனைத்தும் அச்சிறுவன் கையாலேயே உருப்பெற வேண்டும். பலர் மாதக்கணக்கில் உழைத்தனர். தலைசிறந்த நால்வருக்குத் தலைக்கு 5,000 டாலர் பல்கலைக்கழக உதவித்தொகை காத்திருந்தது. பங்குச் சந்தை சரிந்து, வேலையின்மை பரவத் தொடங்கிய அக்காலத்தில் ஒரு தொழிலாளி வீட்டுப் பையனுக்கு அது வானத்தையே வளைத்துக் கொடுத்தது போன்றதாகும். அமெரிக்கச் சாரண இயக்கத்தின் முன்னோடியான டான் பியர்ட் குழாத்தின் கௌரவத் தலைவராக இருந்தார்.

1937 முதல் மற்றொரு வாயிலும் திறந்தது. சிறுவர் தாமே கற்பனை செய்த எதிர்காலக் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து அனுப்பலாயினர். போருக்குப்பின் அரச வண்டிப் போட்டி மறைந்து, மாதிரிக் கார்ப் போட்டியே நிலைத்தது. 1947-இல் அதில் வென்ற சக் ஜோர்டன் என்னும் இளைஞர், பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். குழாத்தில் கை பழகிய வேறு பலரும் அத்துறையில் இடம்பெற்றனர்.

இது பெருமைக்குரிய செய்திதான். ஆயினும் இக்குழாம் பழைய குழாத்தின் பெயரைப் பெற்றதே தவிர அதன் பெட்டியைப் பெறவில்லை. நிறுவனத்திற்குத் தன் பெயர் வீடுதோறும் சென்று சேர வேண்டும். திறமையுள்ள கைகளை இளமையிலேயே கண்டெடுக்க வேண்டும். பையன்கள் மட்டுமே சேரலாம். பெண்பிள்ளைகளுக்குக் கதவு திறக்கவில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, இது தனியொருவன் மற்றெல்லாரையும் வெல்லும் போட்டி. நால்வர் வென்றால், எண்ணிலடங்கா மாதிரிகள் வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடும்.

இருந்தும் போட்டிக்குள்ளேயே வேறொன்று முளைத்ததை நாம் மறைக்கக் கூடாது. குழாத்தின் இதழ் செய்முறை நுணுக்கங்களை எல்லாச் சிறுவருக்கும் ஒன்றுபோல் எடுத்துச் சென்றது. பள்ளித் தொழிற்கூட ஆசிரியர்கள் மாலை நேரத்தில் கூட நின்று வழிகாட்டினர். தேர்வு பெற்றோர் டெட்ராய்ட்டில் கூடிய நான்கு நாள்களில், அதுவரை தனியே உழைத்த சிறுவன் தன்னைப் போன்றோர் வேறு பலரும் உள்ளனர் என்பதை முதன்முறையாகக் கண்டான். குழாம் கலைந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பின்பு, நரைத்த தலையினராய் அவர்களுள் சிலர் மீண்டும் கூடினர். வெல்வதற்கு அப்போது பரிசேதும் இல்லை.

மிச்சத்தில் பிறந்த நட்பு

இதற்கிடையே, பிளாஸ்டிக் என்னும் புதுப்பொருள் மாதிரிக் கார்க் கலையை வேறு பாதையில் திருப்பியது. 1948-இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், கார் விற்பனையாளர்கள் தம் கடையில் காட்சிக்கு வைக்கும் சிறு கார்களைச் செய்து வந்தது. 1958-இல் அதே கார்களை உதிரிப்பாகங்களாக ஒரு பெட்டியில் இட்டு விற்கத் தொடங்கியது. இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு. சிறுவனின் கைச்செலவுப் பணத்துக்கு எட்டும் விலை. ஜோ-ஹான், எம்.பி.சி., ரெவல், மோனோகிராம் முதலிய நிறுவனங்களும் இத்துறையில் சிறந்து விளங்கின.

அப்பெட்டியில் ஒரு புதுமை இருந்தது. அதிலுள்ள பாகங்களைக் கொண்டு ஒரே காரை மூன்று விதமாகச் செய்யலாம்: தொழிற்சாலையிலிருந்து வந்தவாறே செய்யலாம், விருப்பம்போல் அழகுபடுத்திச் செய்யலாம், பந்தயக் காராகவும் செய்யலாம். ஆனால் செய்யப்போவது ஒரு கார்தான். ஆகவே பெட்டி தோறும் பாகங்கள் மிஞ்சின. ஒருவனுக்கு மிஞ்சிய சக்கரம் இன்னொருவனுக்குத் தேவைப்பட்டது. இவனிடம் உடைந்த முன்கண்ணாடி அவனுடைய மிச்சப்பெட்டியில் கிடந்தது. காலணி வந்த அட்டைப்பெட்டிகளில் சேர்ந்த இம்மிச்சங்கள் தெருவுக்குத் தெரு கைமாறின. பழைய குழாத்தின் பொதுப் பெட்டி இவ்வாறு யாரும் எண்ணிப் பாராமலேயே திரும்பி வந்தது என்று நாம் சொல்லலாம். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்ய வேண்டும் என்ற பிஷர் விதி சிறுவனைத் தனியாக்கியது. மிஞ்சிய பாகமோ அவனை அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வைத்தது.

1970-களில் இக்கலை தளர்ந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, எண்ணெயிலிருந்து பெறப்படும் பிளாஸ்டிக்கின் விலையும் ஏறியது. இக்கலைக்கென 1960-களில் தோன்றிய இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. சிறுவயதில் கற்ற கலையை விடாது பற்றியிருந்த பெரியவர்கள் ஊருக்கு ஒருவராய்ச் சிதறிக் கிடந்தனர். 1979-இல் 'ஸ்கேல் ஆட்டோ என்தூசியஸ்ட்' என்னும் இதழ் தோன்றி அவர்களை மீண்டும் இணைத்தது.

அடுத்த ஆண்டு, 1980-இல், ஒகையோ மாநிலத்து டொலீடோ நகர்ப்புறத்தில் நடந்த ஒரு சிறு கூடுகையே நம் கதையின் திருப்புமுனை. பிஷர் சகோதரர்கள் பிறந்த மண்ணுக்கும் அவர்கள் தொழில் வளர்த்த டெட்ராய்ட்டுக்கும் அது தொலைவில்லை. நடுவர், மதிப்பெண் என்ற அமைப்பை விலக்கி வைத்தது அக்கூடுகை. 'பெயரற்ற தேசியப் பேரொளிகள்' என்று பொருள்படும் ஒரு வேடிக்கைப் பெயரை அது சூட்டிக் கொண்டது. அதன் முதலெழுத்துகளான என்.என்.எல். என்பதே நாளடைவில் நிலைத்தது. நீண்ட மேசைகளில் எல்லாருடைய கார்களும் அருகருகே நிற்கும். நாற்பது ஆண்டு கை பழகியவர் செய்த காருக்குப் பக்கத்திலேயே பத்து வயதுப் பிள்ளை செய்த காரும் நிற்கும். சிலவிடங்களில் வந்திருப்போரே தம் மனம் கவர்ந்ததைத் தெரிவிப்பதுண்டு, அவ்வளவே. "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்பவரிடம் செய்தவர் தம் நுணுக்கத்தை மறைக்க வேண்டிய தேவை இல்லை. இழப்பதற்கு அங்கே பரிசில்லை. இம்முறை பிற நகரங்களுக்கும் பரவி, அதே பெயரில் பல கூடுகைகள் எழுந்தன.

பெட்டியின் மறுபிறப்பு

பரிசை நீக்கியபின் எஞ்சியது என்ன? செயல்களைக் கொண்டே நாம் அதை அளக்க வேண்டும்.

ஜோ-ஹான் நிறுவனம் நொடித்தபோது, பிளிமத், ரேம்ப்ளர் முதலிய கார்களுக்கு அது செய்த மாதிரிகள் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது தனிமனிதர்களே வழி கண்டனர். மூலப் பாகம் ஒன்றை வைத்து, சிலிகோன் ரப்பரில் அச்செடுத்து, அதில் ரெசின் கூழை ஊற்றிப் படிகள் எடுத்தனர். வீட்டுக் கார்க்கொட்டகையில் நடக்கும் இவ்வேலையால் பெரும்பாலோர்க்குச் செல்வம் சேர்வதில்லை. யாரோ ஒருவரின் பாதியில் நின்ற கார் முழுமை பெறுகிறது.

பல கண்காட்சிகளில் பிள்ளைகளுக்கென்று தனி மேசை இடுவர். பெட்டியும் பசையும் இலவசம். பக்கத்தில் அமர்ந்து ஒரு பெரியவர் கற்றுத் தருவார். செய்து முடித்த காரைப் பிள்ளை வீட்டுக்கே எடுத்துச் செல்லும். அமெரிக்க மாதிரிச் செய்வோர் சங்கத்தினர், போரில் காயமுற்று மருத்துவமனையில் கிடக்கும் வீரர்களுக்கு இப்பெட்டிகளைத் திரட்டி அனுப்புகின்றனர். நடுங்கும் கைக்கும் கலங்கிய மனத்துக்கும் சிறு வேலை மருந்தாகிறது.

சாவு வரும்போது இத்தோழமை இன்னும் தெளிவாய்த் துலங்குகிறது. நெடுநாள் இக்கலையில் தோய்ந்த ஒருவர் இறந்தால், பிரிக்கப்படாத பெட்டிகள் நூற்றுக்கணக்கில் வீட்டில் எஞ்சும். அவற்றின் மதிப்பைக் குடும்பம் அறியாது. குறைந்த விலைக்கு அள்ளிச் செல்லக் காத்திருப்போரும் உண்டு. அவ்வேளையில் சங்க நண்பர்கள் வீட்டுக்குச் சென்று பட்டியலிட்டு, நேர்மையான விலை குறித்து, விற்ற பணத்தைக் கைம்பெண்ணிடம் ஒப்படைக்கின்றனர். இறந்தவர் முடிக்காமல் விட்ட காரை நண்பர் ஒருவர் முடித்து, இருவர் பெயரையும் எழுதிக் கண்காட்சி மேசையில் வைப்பதும் உண்டு. இறந்த உறுப்பினனின் வீட்டை மறவாத இடைக்காலக் குழாத்தை இங்கே நாம் மீண்டும் காண்கிறோம். இவர்களுட் பலர் புனித எலிஜியுஸ் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

திறமையை வளர்க்கப் போட்டி உதவும் என்பதை பிஷர் குழாத்தின் வரலாறு காட்டுகிறது. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் போட்டி முடிந்த நாளில் வென்றவனும் தோற்றவனும் தத்தம் வழியே போய்விடுகின்றனர். ஒருவரிடம் மிஞ்சியதும் ஒருவரிடம் குறைந்ததும் சந்திக்கும் இடத்திலேயே குழாம் பிறக்கிறது. பங்கு தோறும் சபைகளும் இளைஞர் மன்றங்களும் நடத்தும் நாம், ஆண்டு விழாவுக்குப் பரிசுப் பட்டியல் எழுதுமுன், உறுப்பினர் ஒருவர் நோயுற்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போவது யார் என்றும் எழுதி வைத்தல் நன்று.