புழுதிக்கு முன்னால் அங்கே தண்ணீர் இருந்தது

வறண்ட ஏரிப்படுகையில் கிளம்பும் புழுதியைப் புல்லாலும் நீராலும் சரளைக்கல்லாலும் அடக்க முடியும். அந்த வேலை பெரிய அளவில் நடந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலுள்ள ஓவன்ஸ் ஏரி. சுற்றுச்சூழல் படிப்பவர்கள் அதை ஒரு தொழில்நுட்ப வெற்றியாக அறிவார்கள். பொதுக்குளத்தில் தண்ணீர் எடுக்கவே போராட வேண்டியிருந்த நாம், அந்த ஏரியின் தண்ணீர் யாருடையது என்பதிலிருந்து தொடங்குவோம்.

அது பையூட் பழங்குடி மக்களின் தண்ணீர். அவர்கள் ஏரியைப் பட்சியாட்டா என்று அழைக்கிறார்கள். வெள்ளையர் குடியேறும் முன்பே, அந்தப் பள்ளத்தாக்கில் ஓடைகளை மறித்து வாய்க்கால் வெட்டி, உண்ணத்தகுந்த கிழங்குச் செடிகளுக்கு நீர் பாய்ச்சினார்கள். சில ஊர்களில் நீர் பாய்ச்சும் பொறுப்பாளரை மக்களே ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தார்கள்.

1860களில் குடியேறிகளின் மாடுகள் அந்த வயல்களை மேய்ந்தன. மோதல் வெடித்தது. 1863-ல் படையினரிடமிருந்து தப்ப ஏரிக்குள் ஓடிய பையூட்டுகள் பலர் நீரிலேயே மாண்டார்கள். அதே ஆண்டில் 900-க்கும் மேற்பட்டோரை ராணுவம் தெற்கே டெஜோன் கோட்டைக்கு நடத்திச் சென்றது. பிறகு தப்பித் திரும்பியவர்கள், தங்கள் மண்ணிலேயே குடியேறிகளின் பண்ணைகளில் கூலிகளானார்கள்.

அடுத்து வந்தது லாஸ் ஏஞ்சலஸ் மாநகரம். நிலங்களை வாங்கிக் குவித்து, 1913-ல் ஏறத்தாழ 375 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயைத் திறந்து, ஆற்று நீரைத் திருப்பியது. 1920களிலேயே, சுமார் 280 சதுர கிலோமீட்டர் ஏரி உப்புப் படுகையானது. பண்ணைகள் மூடப்பட, பையூட்டுகளின் கூலி வேலையும் போயிற்று. 1937-ல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, 1939-ல் பழங்குடியினருக்குரிய சுமார் 2,900 ஏக்கர் மாநகரத்துக்குப் போனது. ஈடாகக் கிடைத்தது ஏறத்தாழ 1,400 ஏக்கர். நீர் உரிமை அந்தக் கைமாற்றில் சேரவில்லை. அந்தக் கணக்கு இன்றுவரை தீரவில்லை.

ஏரி போன இடத்தில் புழுதி வந்தது. குளிர்காலத்தில் மேற்பரப்பு உப்பு பொருபொருவென்று உதிரும் தூளாகிறது, காற்று அதை அள்ளிச் செல்கிறது. நுரையீரலுக்குள் புகும் அளவுக்கு நுண்ணிய அந்தத் தூசியில் ஆர்சனிக்கும் உண்டு. அமெரிக்காவில் இவ்வகைத் தூசி கிளம்பும் தனி இடங்களில் மிகப் பெரியதாக ஓவன்ஸ் ஏரி நெடுங்காலம் இருந்தது. தண்ணீர் குடித்தது தொலைவிலிருந்த நகரம். புழுதியைச் சுவாசித்தவர்கள் ஏரிக்கரை ஊர்க்காரர்களும் பையூட், ஷோஷோனி மக்களும்.

மாநகரம் தானாக இறங்கி வரவில்லை. 1983-ல் மாநிலச் சட்டம் வந்தது. 1998-ல் வட்டாரக் காற்றுமாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு மாநகரத்தை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தது. 2001 முதல் படுகையில் வேலை தொடங்கியது. முக்கிய முறைகள் மூன்று. முதலாவது, படுகையில் ஆழமில்லாமல் நீரைப் பரப்புவது. இரண்டாவது, அந்த மண்ணுக்கே உரிய உப்புப்புல்லை வளர்ப்பது. புல்லின் தாள் காற்றின் வேகத்தைக் குறைக்கும், வேரும் கிழங்குத்தண்டும் மண்ணைப் பிடித்து நிறுத்தும். மூன்றாவது, சுமார் 4 அங்குலத்துக்குச் சரளை பரப்புவது. புழுதி பெருமளவு அடங்கியது. நீர்ப்பறவைகளும் திரும்பின. மாநகரத்துக்கு 200 கோடி டாலருக்கு மேல் செலவானது.

ஆனால் உப்புப்புல்லும் சும்மா வளராது. முதலில் நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கீழே கழுவ வேண்டும், பிறகு சொட்டுநீர் விட வேண்டும். பறித்த தண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துத்தான் மண்ணைக் கட்டிப்போட முடிந்தது.

மண்ணில் கைவைக்கும்போது இன்னொன்றும் எழுந்தது. புழுதித் தடுப்புக்குக் குறிக்கப்பட்ட ஓரிடத்தில், 1863 படுகொலையின் தடயங்களாகத் துப்பாக்கிக் குண்டுகளும் படைச்சீருடைப் பொத்தான்களும் கிடைத்த செய்தி 2013-ல் வெளியானது. பையூட் மூத்தோர் வாய்வழியாகச் சொல்லிவந்த வரலாறு அது. அங்கே மண்ணைப் புரட்டாதீர்கள் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள்.

தோழர்களே, ‘பசுமைத் திட்டம்’ என்று ஒன்று உங்கள் முன் வைக்கப்படும்போது அதன் தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், அது தேவை. கூடவே மூன்று கேள்விகளை எழுப்புங்கள். இந்த நிலம் எப்படி வறண்டது? அதன் தண்ணீர் யாரிடம் போனது? நிலத்துக்குரியவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறார்களா? ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் முதல் இரண்டுக்கும் விடை எல்லோருக்கும் தெரியும். மூன்றாவதற்காகப் பையூட் மக்கள் இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள்.