பச்சை மேசையைச் சுற்றிப் பத்துப் பேர்

1932 பிப்ரவரியில் ஜெனீவாவில் உலக ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கியது. சுமார் 60 நாடுகளின் பிரதிநிதிகள் வந்திறங்கினார்கள். தீர்மானம், திருத்தம், விருந்து என்று மாதங்கள் ஓடின. அதே ஆண்டு ஜூலை 3 அன்று பாரிஸின் ஷான்ஸ் எலிசே அரங்கில் திரை விலகியபோது, மேடை நடுவே பச்சைத் துணி விரித்த நீண்ட மேசை ஒன்று இருந்தது. அதைச் சுற்றிக் கறுப்புக் கோட்டு அணிந்த பத்துக் கனவான்கள். எல்லார் முகத்திலும் முகமூடி. இரண்டு பியானோக்கள் டாங்கோ இசைக்க, அவர்கள் குனிந்து வணங்கினார்கள், விரலை ஆட்டி மிரட்டினார்கள், மேசைமேல் சாய்ந்து வாதிட்டார்கள். கடைசியில் ஆளுக்கொரு கைத்துப்பாக்கியை உருவி மேலே பார்த்துச் சுட்டார்கள். மேடை இருண்டது. போர் தொடங்கிவிட்டது.

அந்தப் படைப்பின் பெயர் 'பச்சை மேசை'. நிகழ்த்தியது ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்துக் குழு. நடனத்தை அமைத்தவர் 31 வயது குர்ட் யோஸ். இசையமைத்தவர் ஃபிரிட்ஸ் கோஹன். சர்வதேச நடன ஆவணக் காப்பகம் பாரிஸில் நடத்திய போட்டிக்காக உருவான இந்த நடனம், முதல் பரிசான 25,000 ஃபிராங்கை வென்றது.

எட்டுக் காட்சிகள், 16 கலைஞர்கள். முதல் காட்சியும் கடைசிக் காட்சியும் மேசைக்குரியவை. இடையிலுள்ள ஆறு காட்சிகளை ஆள்பவன் மரணம். விலா எலும்புகள் தெரியும் கவசம், தலைக்கவசம், கனத்த காலணி. காலைத் தூக்கித் தரையில் ஓங்கி மிதிக்கும் ஒரே தாளம் அவன் உடலில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். முதல் முறை அந்தப் பாத்திரத்தை ஆடியவர் யோஸேதான்.

படைப்பின் உயிர் இந்த மரணத்தின் நடத்தையில் இருக்கிறது. அவன் எல்லாரையும் ஒரே மாதிரி கொண்டுபோவதில்லை. களத்து வீரர்களை முரட்டுத்தனமாக வீழ்த்துகிறான். ஓடிக் களைத்த அகதிக் கூட்டத்துக் கிழவியைக் கனிவோடு கையில் ஏந்திச் செல்கிறான். படைவீரன் ஒருவனைக் கொன்ற கொரில்லாப் பெண் துப்பாக்கிகளுக்கு முன் நிமிர்ந்து நிற்கையில், அவளைத் தனக்குச் சமமாக நடத்துகிறான். இவர்களுக்கு இடையே, தொப்பியும் கையுறையுமாக ஒருவன் பூனைபோல் பதுங்கித் திரிகிறான்: போரில் லாபம் பார்ப்பவன். செத்துக் கிடப்பவனின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றும் அவன் கைதான் இந்த நடனத்தின் மிகக் கொடிய அசைவு. எட்டாம் காட்சியில் மறுபடியும் துப்பாக்கிகள் வெடிக்க, அதே மேசை, அதே டாங்கோ, அதே வணக்கங்கள். அந்தப் பத்துப் பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

எந்த நாட்டின் பெயரும் இல்லை, எந்தக் கொடியும் அடையாளம் சொல்வதில்லை. இது குறையல்ல, பலம் என்றே கொள்ள வேண்டும். ஒரு நாட்டைச் சுட்டியிருந்தால் மற்ற நாட்டுக்காரர்கள் நிம்மதியாகக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இந்த மரணத்துக்கு ஒரு மூதாதை உண்டு. ஜெர்மனியின் லூபெக் நகரின் மரியாள் தேவாலயத்தில், 1942இல் குண்டுவீச்சில் எரிந்துபோன நீண்ட ஓவியம் ஒன்று இருந்தது. போப்பாண்டவர், பேரரசர் தொடங்கித் தொட்டில் குழந்தைவரை எல்லாரையும் மரணம் கைபிடித்து ஆட்டுவிக்கும் இடைக்கால 'மரண நடனம்' அது. யோஸின் மனத்தில் அந்தக் காட்சி பல காலம் கிடந்தது. கூடவே அன்றைய அரசியல். 'டி வெல்ட்பூனே' என்ற இடதுசாரி வார இதழில் குர்ட் துச்சோல்ஸ்கி எழுதிய போர் எதிர்ப்புக் கட்டுரைகளை அவர் தொடர்ந்து படித்துவந்தார். ஜெர்மன் ராணுவம் ஒப்பந்தத்தை மீறி ரகசியமாக விமானப் படை வளர்ப்பதை அம்பலப்படுத்தியதற்காக, அந்த இதழின் ஆசிரியர் கார்ல் ஃபான் ஒசியெட்ஸ்கி 1932 மே மாதம் சிறைக்குப் போனார். பாரிஸ் அரங்கேற்றத்துக்கு இரண்டே மாதங்களுக்கு முன்பு.

பரிசு பெற்ற ஏழாவது மாதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். குழுவிலிருக்கும் யூதர்களை, முதன்மையாக இசையமைப்பாளர் கோஹனை, விலக்க வேண்டும் என்று நாஜிகள் நெருக்கினார்கள். யோஸ் யூதரல்லர். தலையசைத்திருந்தால் பதவியும் அரங்கும் அரசு ஆதரவும் அவருக்குக் கிடைத்திருக்கும். அவருடைய ஆசான் ருடால்ஃப் லாபான் உட்படப் பலர் சில ஆண்டுகள் அப்படித்தான் புதிய ஆட்சியோடு ஒத்துப்போனார்கள். யோஸ் மறுத்தார். 1933 செப்டம்பரில் குழுவோடு எல்லை தாண்டி ஹாலந்துக்குள் நுழைந்தார். மேடையில் அகதிகளாக ஆடியவர்கள் பதினான்கே மாதங்களில் உண்மையிலேயே அகதிகளானார்கள். அரசியல் கலை பற்றிப் பேசும்போது படைப்பின் கருப்பொருளைத்தான் எல்லாரும் எடைபோடுகிறோம். யாரைக் குழுவில் வைத்துக்கொள்வது என்ற கேள்விக்கு யோஸ் தந்த பதில், அந்த எட்டுக் காட்சிகளுக்குக் குறைந்த அரசியல் இல்லை.

அடைக்கலம் கொடுத்தது இங்கிலாந்தின் டார்டிங்டன் பண்ணை. அதை நடத்திய லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், தாகூரின் கிராம மேம்பாட்டு மையமான ஸ்ரீநிகேதனைத் தொடங்க உழைத்தவர். அல்மோராவில் உதய் சங்கர் அமைத்த நடன மையத்துக்கும் அந்த டார்டிங்டன் வட்டத்திலிருந்தே பண உதவி போனது.

1940இல் பிரிட்டன் யோஸையே 'எதிரி நாட்டவர்' என்று முகாமில் அடைத்தது. விடுதலையாகி மீண்டும் குழு நடத்தி, 1949இல் எஸ்ஸனுக்கே திரும்பினார். அங்கே அவரிடம் படிக்க 1955இல் வந்த சிறுமி பினா பவுஷ், பிற்பாடு 'பச்சை மேசை'யின் கிழவியாக ஆடினார். ஜெர்மன் நடன நாடகத்தை உலகெங்கும் கொண்டுபோனவரும் அவரே. 1967இல் வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்காவின் ஜாஃப்ரி பாலே குழு 'பச்சை மேசை'யை நியூயார்க்கில் மேடையேற்றியது. லாபானின் குறியீட்டு முறையில் ஒவ்வோர் அசைவும் எழுதி வைக்கப்பட்டிருந்தது. 1979இல் யோஸ் இறந்த பின், மகள் அன்னா மார்க்கார்ட் நாடு நாடாகப் போய் அதைக் கற்றுக்கொடுத்தார்.

சிலியில் நடந்தது வேறு கதை. 1940இல் தென் அமெரிக்கப் பயணம் போன குழுவில் எர்ன்ஸ்ட் உதோஃப், அவர் மனைவி லோலா பொட்கா, ருடால்ஃப் பெஷ்ட் மூவரும் பின்னர் சான்டியாகோவில் குடியேறி, சிலி பல்கலைக்கழகத்தில் நடனப் பள்ளி தொடங்கினார்கள். அதிலிருந்து சிலி தேசிய பாலே வளர்ந்தது. 1948இல் யோஸே அங்கு போய்ப் 'பச்சை மேசை'யை அமைத்துக் கொடுத்தார். லண்டன் பெண்ணான ஜோன் டர்னர், யோஸின் குழுவில் ஆடிவிட்டு, சகக் கலைஞர் பாத்ரிசியோ புன்ஸ்டரை மணந்து 1954இல் சிலிக்கு வந்தார். அந்த மணம் முறிந்தபின் அவர் வாழ்க்கையில் இணைந்தவர் பாடகர் விக்டர் ஹாரா.

1973 செப்டம்பரில் பினோசே தலைமையிலான ராணுவம் சிலியின் ஆட்சியைக் கவிழ்த்தது. சிலி விளையாட்டரங்கில் ஹாராவை அடைத்துச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள். பிணவறையில் கணவரின் உடலை அடையாளம் கண்டு அடக்கம் செய்துவிட்டு, இரண்டு மகள்களோடு பிரிட்டனுக்குப் போனார் ஜோன். புன்ஸ்டரும் நாடு கடந்து கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்தார்.

ஒரு நடனத்தால் எந்தப் போரும் சுருங்காது, தவிர்க்கப்படவும் மாட்டாது என்று யோஸ் முதுமையில் ஒரு நேர்காணலில் சொன்னார். கலை அரசியல் பேசக் கூடாது என்பதே தன் நம்பிக்கை என்றும் சொன்னார். அவர் படைப்பைப் பார்த்தவர்களால் இதை ஏற்பது கடினம். அவர் குழுவில் வளர்ந்தவர்களின் வாழ்க்கையும் வேறு விதமாகப் பேசுகிறது. பினோசே ஆட்சி நீடித்துக்கொண்டிருந்த 1985இலேயே ஜோனும் புன்ஸ்டரும் சான்டியாகோவில் 'எஸ்பிரால்' நடன மையத்தைத் தொடங்கினார்கள். கணவரைக் கொன்றவர்களுக்கு எதிராக ஜோன் பல்லாண்டுகள் வழக்காடினார். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளின் தண்டனையைச் சிலி உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க ஜோன் உயிரோடு இருந்தார். அவர் இறந்தது அதே ஆண்டு நவம்பரில், 96ஆவது வயதில்.